எங்கப்பா 'ஆர்', உங்கப்பா 'இஸ்'

இங்கிலீஷ் டீச்சர் வேலை என்பது அடுத்தவர் நாக்கில் உட்கார இடம் தேடுகிற வேலை. போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே யாரோ சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், நகரவும் மாட்டார்கள். இறந்த காலத்தை ஒரு மாதம் பாடம் நடத்திவிட்டு, கடைசி நாள் "யெஸ்டர்டே ஐ இஸ் கோ" என்ற பதிலைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? வாருங்கள், நாமெல்லாம் ஒரு ஜாதி.

நான் கான்வென்ட்டில் படித்தவள். தமிழில் தும்மினால்கூட முட்டி போடச் சொல்லும் சிஸ்டர்களிடம் வளர்ந்தவள். அப்படி வளர்த்த இங்கிலீஷை, கல்யாணமாகி விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு யாரிடம் பேசுவது? பால்காரரிடமா? பரணில் போட்டுவிட்டேன். பிள்ளைகள் வளர்ந்து ஹாஸ்டலுக்குப் போய், வீட்டில் நானும் குக்கரும் மட்டும் மிஞ்சிய சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் இல்லை. கவர்ன்மென்ட் ஆள் போடுகிற வழியாகவும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகமே தற்காலிகமாக ஆள் பிடிக்கிறதாம். காலை பாசஞ்சரில் திண்டிவனம், அங்கிருந்து டவுன் பஸ். ஒரு பள்ளிக்கூட வருஷம் போய் வந்தேன். போனபோது இருந்த இங்கிலீஷ் திரும்பி வந்தபோதும் இருந்தது. பொறுமைதான் முதலிலேயே கொஞ்சம், வரும்போது அதுவும் இல்லை.

ஸ்பீடா இருக்கணும்

இன்டர்வியூ பள்ளிக்கூடத்தில் நடக்கவில்லை. கழகத் தலைவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அந்த ஊரில் கலர் டி.வி. இருந்த ஒரே வீடு அது. சுவரோரம் வேர்க்கடலை மூட்டைகள், அந்த ஊர் பாஷையில் மல்லாட்டை, உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தன. தலைவருக்கு ஊரைச் சுற்றிப் பாதி நிலம் சொந்தம், மீதி நிலத்தின் மேல் கண். அவர் ஈசிசேரில் சாய்ந்திருந்தார். ஹெட்மாஸ்டர் ஒரு ஸ்டூலின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து நிற்கத் தயாராக இருந்தார்.

"எங்க, கொஞ்சம் இங்கிலீஷ் பேசுங்க பாப்போம்" என்றார் தலைவர்.

"எதைப் பற்றி?"

"எதப் பத்தியோ. ஸ்பீடா இருக்கணும்."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கான்வென்ட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லும் ஜெபத்தை, மதியப் பசியில் சொல்கிற அதே வேகத்தில் சொல்லி முடித்தேன். ஹெட்மாஸ்டர் கண்ணை மூடித் தலையாட்டினார். தலைவர் திருப்தியாக மீசையைத் தடவிக்கொண்டார். "ஒண்ணுமே புரியலீங்க. ரொம்ப நல்லா இருக்குது. நாளிக்கே வந்துடுங்க."

நாயும் கலெக்டரும்

பத்தாம் வகுப்பு. முதல் வாரம். நான் கேட்டு அவர்கள் பதில் சொல்வது சலித்துப் போய், "இன்றைக்கு நீங்கள் என்னைக் கேள்வி கேளுங்கள், இங்கிலீஷில்" என்றேன். ஒரு பையன் எழுந்தான். "டீச்சர் இஸ் வாட் ஈட்டிங் மார்னிங்?" அடுத்தவன், "டீச்சர் இஸ் வேர் கமிங் ஃப்ரம்?" என்னைப் பார்த்துக்கொண்டே, வேறு எங்கோ இருக்கிற ஒரு டீச்சரைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. "ஏண்டா, நான் உன் எதிரில்தானே நிற்கிறேன்? 'யூ' என்று கேட்டால் என்ன?" என்றேன். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது.

"யூன்னா நீயா, நீங்களா டீச்சர்?" என்றான் முதல் பையன்.

"ரெண்டும்தான்."

"நாயக் கூப்புட்டா?"

"யூ."

"கலெக்டர?"

"யூ."

எனக்கென்னவோ இந்த 'யூ' மேல் தனி அபிமானம் உண்டு. என் வீட்டுக்காரரிடம் சண்டை என்று வந்தால் நான் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவேன். தமிழில் எவ்வளவு கோபம் வந்தாலும் 'நீங்க' என்று சொல்லித்தான் திட்டியாக வேண்டும். 'நீங்க' போட்டுத் திட்டுவது பூப்போட்ட உறையோடு தலையணையை எறிகிற மாதிரி. 'யூ' என்று எறிந்துவிட்டால், அது எந்த யூ என்று அவர் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் இந்தக் கதையைச் சொன்னபோது, தமிழய்யா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "நாயிக்கும் கலெக்டருக்கும் ஒரே வார்த்த வெச்சிக்கினு எப்பிடிம்மா அவன் எரநூறு வருசம் நம்மள ஆண்டான்?"

எத்தனை அப்பா?

'மை ஃபாதர்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எழுதியதைப் படிக்கவும் சொன்னேன். முதலில் எழுந்தவன் தனசேகர். தலைவரின் மகன். தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தான்: "மை ஃபாதர் ஆர் எ லேண்ட்லார்ட். தே ஆர் பிரசிடென்ட். தே ஹேவ் எ மோட்டார் சைக்கிள்." என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்காது. "தனசேகர், எத்தனை அப்பா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவன் காது சிவந்துவிட்டது.

நோட்டுகளை வாங்கிப் பார்த்தால், அத்தனை பேர் அப்பாவும் 'ஆர்'. மளிகைக்கடை அப்பா ஆர், ரைஸ் மில் அப்பா ஆர், டிராக்டர் ஓட்டுகிற அப்பாவும் ஆர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'அப்பா வர்றாரு' என்பதில் இருக்கிற மரியாதையை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியாமல், பிள்ளைகள் அதைப் பன்மையில் வைத்துவிட்டார்கள். அப்பாவை 'ஹீ இஸ்' என்று எழுதினால் 'அவன் வர்றான்' என்று எழுதின மாதிரி இருக்கிறதாம். அம்மா விஷயத்தில் இந்தச் சங்கடம் யாருக்கும் இல்லை. எல்லா நோட்டிலும் தப்பாமல் 'மை மதர் இஸ் குக்கிங்'. இலக்கணப்படி சரி, டிக் போட்டாக வேண்டும். போடும்போது பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.

ஒரே ஒரு நோட்டில் மட்டும் அப்பாவுக்கும் 'இஸ்' இருந்தது. "மை ஃபாதர் இஸ் எ கூலி. ஹீ கோஸ் டு ஃபீல்ட் இன் தி மார்னிங்." பெயர் அஞ்சலை. ஸ்பெல்லிங் அவளுக்குப் பரம சத்துரு. எப்போதும் பாஸ் மார்க்கின் வாசற்படியிலேயே நிற்கிறவள். ஆனால் இந்த இலக்கணம் அவளுக்கு மட்டும் எப்படி? எனக்கு ஒரே பெருமை. அவளை எழுப்பி நிற்க வைத்து, "பாருங்கள், இந்த வகுப்பில் சரியாக எழுதினது அஞ்சலை ஒருத்திதான்!" என்று கைதட்டச் சொன்னேன். யாரும் தட்டவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து தனசேகரின் குரல் மட்டும் வந்தது: "அவங்கப்பனுக்கு இஸ்ஸே போதும் டீச்சர்."

தலைவர் கேட்ட சலுகை

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அஞ்சலை காலனியிலிருந்து வருகிற பெண். அவள் அப்பா கோவிந்தன் தலைவர் நிலத்தில்தான் கூலி. மீசை முளைக்காத பையன்கூட அவரைத் தெருவில் 'டேய் கோயிந்தா' என்று கூப்பிடுகிற ஊர் அது. தமிழில் தன் அப்பாவுக்கு யாரும் கொடுக்காத ஒன்றை, அந்தப் பெண் இங்கிலீஷுக்கு எங்கிருந்து எடுத்துக்கொண்டு வருவாள்? உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள். அது இலக்கணப்படி சரியாகப் போய்விட்டது. தனசேகரை அன்று முழுக்க வெளியே நிற்க வைத்தேன். எல்லோருடைய அப்பாவுக்கும் 'இஸ்'தான், நாளையிலிருந்து 'ஆர்' போட்டு வந்தால் நோட்டு ஜன்னலுக்கு வெளியே போகும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஹெட்மாஸ்டர் தன் நாற்காலியைத் தலைவருக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, எம் மவனப் பாத்து எத்தினி அப்பான்னு கேட்டீங்களாமே? ஒரு பொம்பள கேக்கற கேள்வியா இது?"

"அவன் ஆர் போட்டான், நான் எத்தனை பேர் என்று கேட்டேன். இலக்கணக் கேள்விதான்."

"இலக்கணத்த உடுங்க. இப்ப வூட்ல வந்து என்னிய 'ஹீ ஹீ'ன்னு சொல்லிக்கினு கீறான். அப்பனப் போயி ஹீன்னா, நாளிக்கி வாடா போடான்னுவான். ஒரே பேஜாரா பூடுச்சி."

இங்கிலீஷில் எல்லோருமே ஹீ, இங்கிலாந்தில் மந்திரியே ஹீதான் என்று விளக்கினேன். ஹெட்மாஸ்டர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். தலைவர் நன்றாக யோசித்தார். பிறகு, வாய்க்கால் தகராறைத் தீர்த்து வைக்கிற தோரணையில் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "சரி, ஊருக்கெல்லாம் இஸ் போடுங்க, நான் வாணான்னு சொல்லல. எங்க வூட்டுக்கு மட்டும் ஒரு ஆர் போட்டுக் குடுத்துருங்க."

அஞ்சலை செய்த தப்பு

அரைப் பரீட்சை பேப்பர் திருத்துகிறேன். அஞ்சலையின் பேப்பர் வருகிறது. கட்டுரையில் 'மை ஃபாதர் ஆர் எ கூலி. தே ஆர் வெரி ஸ்ட்ராங். தே கோ டு ஃபீல்ட்.' அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிற கேள்வியில் ஆர், வாக்கியத்தில் அமைக்கிற கேள்வியில் ஆர். சரியாக எழுதிக்கொண்டிருந்த ஒரே பெண்! வாசற்படியில் நின்றிருந்தவள், இந்த ஆர்களின் புண்ணியத்தில் வாசலுக்கு வெளியே விழுந்துவிட்டாள். ஃபெயில்.

கூப்பிட்டுக் கத்தினேன். "உனக்கு மண்டையில் ஏதாவது இருக்கிறதா? தெரிந்ததை ஏன் தப்பாக எழுதினாய்?"

"தெரிஞ்சிதான் டீச்சர் எழுதனேன்" என்றாள் நிதானமாக.

"பப்ளிக் எக்ஸாமிலும் இப்படி எழுதினால்?"

எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் தடவையே பாஸ் செய்துவிட்டால் விழுப்புரத்தில் பிளஸ் ஒன் சேர்த்துவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார். ஃபெயிலானால் குயிலாப்பாளையத்திலிருந்து அவள் சித்தி வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சித்திக்கு அங்கே வந்து குடியேறியிருக்கிற வெள்ளைக்காரர்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை. இவளுக்கும் ஒரு வீடு பார்த்தே வைத்திருக்கிறாளாம்.

"இங்கிலீஷ் பரீட்சையில் ஃபெயிலாகி, வெள்ளைக்காரன் வீட்டில் பாத்திரம் கழுவப் போகிறாயா? அதற்காகவா படித்தாய்?"

"அவனுங்க அப்பாக்கு ஆர், எங்கப்பாக்கு இஸ்ஸுன்னா கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க டீச்சர். நோட்டத் தூக்கி வெளிய போட்டுருவீங்கன்னு நோட்ல மாத்திட்டானுங்க. வாயால ஒருத்தனும் சொல்லல. பாருங்க, கூப்புட்டு நிக்க வெச்சிக் கேளுங்க, ஒருத்தன் சொல்லமாட்டான்."

"அதற்கு நீ ஏன் மார்க்கை விடுகிறாய்?"

அவள் தன் பேப்பரை வாங்கி நான்காக மடித்தாள். "அவனுங்க எல்லாரும் வாயத் தொறந்து அவங்கப்பாக்கு இஸ் போடட்டும் டீச்சர், அன்னைக்கே நானும் எங்கப்பாக்கு இஸ் போட்டுக்கறேன்."

வீட்டில் ஒரு ஆலோசனை

பாசஞ்சர் மயிலத்தில் கிராஸிங்குக்காக நின்றது. அன்றைக்கு எனக்கும் இன்ஜினுக்கும் சேர்த்துப் புகைந்தது. வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரிடம் முழுவதையும் கொட்டினேன். தலைவருக்கு ஆர் வேண்டும், இல்லாவிட்டால் என்னை நிறுத்திவிடுவார். அஞ்சலைக்கு எல்லோருக்கும் ஒரே இஸ் வேண்டும், இல்லாவிட்டால் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவாள். அவர் ஸ்டேஷனில் கிளார்க். எதையும் அவசரமில்லாமல் கேட்டு, அவசரமில்லாமல் மறக்கிற உத்தியோகம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஆர் குடுத்தா இங்கிலீஷ் போவும், இஸ் குடுத்தா உன் வேலை போவும். எது போனாலும் காலைல பாசஞ்சர் மட்டும் நேரத்துக்குப் போவாது, நிதானமாவே கெளம்பு."

மலையனூர் ஆத்தா

அஞ்சலை சொன்னது உண்மைதானா என்று பார்க்க, மறுநாள் ஒவ்வொருவராக எழுப்பினேன். 'மை ஃபாதர்' வரைக்கும் எல்லோரும் சத்தமாக வந்தார்கள். அதற்கப்புறம் ஒருவன் இருமினான், ஒருவன் உதட்டை மட்டும் அசைத்தான், ஒருத்தி வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிட்டாள். தனசேகர், "மை ஃபாதர் உஷ் எ லேண்ட்லார்ட்" என்றான். இஸ்ஸும் இல்லை, ஆரும் இல்லை, நடுவில் ஒரு காற்று. முதல் பெஞ்சில் அஞ்சலை, 'பாத்தீங்களா' என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

படிப்படியாகச் சொல்லிப் பார்த்தேன். கலெக்டரைச் சொன்னேன், பிரதம மந்திரியைச் சொன்னேன், அவர்களுக்கெல்லாம் இஸ் போட ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. சொந்த அப்பாவில் மட்டும் வண்டி நின்றுவிடுகிறது. கடைசியில், அந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதையே எடுத்தேன். "அமாவாசைக்கு அமாவாசை பஸ் மேலே ஏறி மேல்மலையனூர் போகிறீர்களே, அங்கே ஆத்தாளை எப்படிச் சொல்கிறீர்கள்? வந்தாங்க, போனாங்க என்றா? 'ஆத்தா வந்தா, ஆத்தா குடுத்தா' என்றுதானே? உலகத்துக்கே தாய், அவளுக்கே ஒருமைதான். அவள் கோபித்துக்கொண்டாளா?"

வகுப்பு யோசித்தது. ஜெயித்துவிட்டேன் என்று நான் சாக்பீஸைக் கையில் எடுத்தேன். தனசேகர் எழுந்தான். முகத்தில் கேலி இல்லை, நிஜமான கவலைதான். "ஆத்தா கோச்சிக்கமாட்டா டீச்சர். எங்கப்பா கோச்சிக்குவாரு."

ஆபீசர் வந்தார்

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பள்ளிக்கூடத்துக்கு என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு அடித்து, கிழிந்த மேப்பைத் திருப்பி மாட்டி, சத்தம் போடுகிற பையன்களைத் தோட்ட வேலைக்கு அனுப்பி, அமர்க்களம். தலைவர் முந்தின நாளே என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: மகனை நல்லபடியாக ஆபீசர் முன்னால் நிறுத்த வேண்டும், ஒரு குறை வந்தாலும் நான் மறுநாள் பாசஞ்சர் ஏற வேண்டியதில்லை. ஆபீசர் எங்கள் வகுப்புக்குள் வந்தபோது, தலைவரும் துண்டோடு பின்னாலேயே வந்து, ஆபீசர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஹெட்மாஸ்டர் வரவேற்புரை ஆற்றினார்: "ரெஸ்பெக்டட் ஆபீசர் ஹேவ் கம். தே ஆர் வெரி பிஸி." எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அஞ்சலை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஆபீசர் சிடுசிடுப்பானவர். வந்த வெயிலும் குடித்த கோலி சோடாவும் அவரோடு ஒத்துப்போகவில்லை. அன்றைக்கென்று முன் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்த பையனைக் கை காட்டினார். தனசேகர். "வாட் இஸ் யுவர் ஃபாதர்?"

தனசேகர் என்னைப் பார்த்தான். நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தான். அப்பா மீசையைத் தடவினார். அதோடு முடிந்தது. "மை ஃபாதர் ஆர் எ லேண்ட்லார்ட்" என்றான், கணீரென்று.

"வாட்? ஆர்?" ஆபீசர் மேஜையைத் தட்டினார். "ஹவ் மெனி ஃபாதர்ஸ் ஹேவ் யூ? ஏம்பா, எத்தனை அப்பா உனக்கு?"

இதே கேள்வியைக் கேட்டதற்குத்தான் என்மேல் மோட்டார் சைக்கிள் ஏறி வந்தது. நான் தலைவரைப் பார்த்தேன். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பாகக் குனிந்து சொன்னார்: "ஒண்ணுதாங்க சார். நான்தாங்க சார்."

ஹிஸ் ஃபீல்ட்

"அப்ப இஸ்ஸுன்னு சொல்லு" என்றார் ஆபீசர். அப்பாவின் அனுமதிக்காகக் காத்திருந்த தனசேகரிடம், அப்பாவே "சொல்றா, சார் சொல்றாரில்ல, ஜல்தியா சொல்றா" என்று அதட்டினார். தனசேகர் சொன்னான். உஷ் இல்லை, சுத்தமான இஸ். ஆபீசருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து பெஞ்சு வாரியாக எல்லோரையும் எழுப்பிச் சொல்லச் சொன்னார். தலைவர் வீட்டு அப்பாவே இறங்கி வந்த பிறகு மற்ற அப்பாக்களுக்கு என்ன? மளிகைக்கடை இஸ், ரைஸ் மில் இஸ், டிராக்டர் இஸ். ஒருவன் இருமவில்லை, ஒருத்திக்கும் வயிற்றுவலி இல்லை. அஞ்சலை ஒவ்வொரு வாயாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடன் வசூலுக்கு வந்தவள் மாதிரி. இவள் இப்போது எழுந்து ஆர் போட்டாள் என்றால், அப்புறம் பரீட்சையிலும் அதைத்தான் போடுவாள்.

கடைசியாக அவள் முறை. எழுந்தாள். தாவணியைச் சரிசெய்துகொண்டாள். "மை ஃபாதர் இஸ் எ கூலி" என்றாள்.

நான் விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த வருகைப் பதிவேட்டின் தாள் புரண்டிருக்கும்.

"குட். வேர் டஸ் ஹீ வொர்க்?"

அஞ்சலை மோவாயைக் கொஞ்சம் தூக்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னும் துண்டும் கையுமாக நின்றுகொண்டிருந்த தலைவரைக் காட்டினாள். "ஹீ வொர்க்ஸ் இன் ஹிஸ் ஃபீல்ட்."

தப்பே இல்லாத வாக்கியம். கூலிக்கும் முதலாளிக்கும் ஒரே மாதிரி ஒரு ஹீ, ஒரு ஹிஸ். ஆபீசர் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் மோவாயைப் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்து, நெற்றியைச் சுருக்கினார். "கூலின்னு சொன்னே. சொந்த நிலமும் இருக்குதா?"

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. அஞ்சலை அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராக ஆபீசருக்குத்தான் பதில் சொன்னாள்: "இங்கிலீஷ்ல அப்பிடித்தாங்க சார் வருது."

மரியாதையான டீச்சர்

ஆபீசர் தன் ரிப்போர்ட்டில் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றி இரண்டு நல்ல வரி எழுதிவிட்டுப் போனதால், வருஷம் முடிகிற வரையில் என்னை யாரும் அசைக்க முடியவில்லை. அஞ்சலை பாஸ் செய்தாள். இங்கிலீஷில் அதே வாசற்படி மார்க்தான், ஆனால் உள்பக்கம். விழுப்புரத்தில் பிளஸ் ஒன் சேர்ந்தாள். அவள் அப்பா சேர்க்க வந்த அன்று என் வீட்டுக்கும் வந்தார். "வாங்க, உட்காருங்க" என்றேன். அவர் தடுமாறி, பக்கத்தில் வேறு யாரையோ சொல்கிறேனோ என்று திரும்பிப் பார்த்தார். "உன்னத்தாம்பா சொல்றாங்க, உக்காரு" என்றாள் அஞ்சலை.

அடுத்த வருஷத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. பஜாரில் ஹெட்மாஸ்டரைப் பார்த்தபோது, யார் இங்கிலீஷ் எடுக்கிறார்கள் என்று விசாரித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார்: "புதுசா ஒருத்தங்க வந்துருக்காங்க மேடம். இங்கிலீஷ் கொஞ்சம் சுமார்தான். ஆனா ரொம்ப மரியாதையானவங்க, தலைவர் வூட்டுக்கு ஆர்தான் போடறாங்க."

ஒரு வருஷம் பாசஞ்சரில் இடிபட்டு நான் சாதித்ததெல்லாம், ஒரே ஒரு பீரியட் முழுக்க ஊரிலுள்ள அத்தனை அப்பாக்களையும் ஒருமையில் நிறுத்தி வைத்ததுதான்; மணி அடித்தது, அடுத்த பீரியட் தமிழ், மற்ற அப்பாக்கள் எல்லாம் 'வந்தார்' ஆகிவிட, கோவிந்தன் மட்டும் திரும்பவும் 'வந்தான்' ஆனார்.